குத்துவதற்கு முன் ஒருதரம் பாருங்கள்: பச்சைப்பிள்ளைகளின் நாரியில் நீர் எடுப்பது பற்றி

ஆசிரியர் அவர்களுக்கு,

“நாரியில ஊசி போட்டா மறுகா புள்ளைக்குக் கால் வழங்காதாமே?” இலங்கையின் கிழக்குக் கரையில் வாகரையிலிருந்து பொத்துவில் வரை, சிறுபிள்ளை விடுதி உள்ள எந்த வைத்தியசாலைக்கும் இந்தக் கேள்வி பழையது. கேட்பவர் தாய். கேட்கச் சொன்னவர் பெரும்பாலும் வெளியே வாங்கில் இருக்கும் அம்மம்மா அல்லது உம்மம்மா. சிலர் கேள்வியோடு நிற்பதில்லை, ‘எடுக்க வேண்டாம்’ என்று டிக்கட்டில், அதாவது பிள்ளையின் சிகிச்சைக் குறிப்பேட்டில், ஒப்பமும் வைத்துவிடுகிறார்கள். மூளைக்காய்ச்சல் இருக்கிறதா என்று அறிய நாரியில், அதாவது கீழ்முதுகில், ஊசி போட்டு முள்ளந்தண்டுக்குள் இருக்கும் நீரை எடுக்கும் சோதனை இது; விடுதிகளில் ‘எல்.பி.’ என்று சொல்வோம். இதை, குறிப்பாக மூன்று மாதத்துக்குட்பட்ட பிள்ளைகளில், ஸ்கேன் பார்த்துச் செய்வது பற்றிப் பெற்றோருக்கும் வைத்தியசாலைகளை நடத்துவோருக்கும் சேர்த்தே எழுதுகிறோம்.

முதலில் அந்தப் பயம். அதில் பாதி சரி. பெரியவர்களில் முண்ணாண், அதாவது முள்ளந்தண்டுக்குள் இறங்கும் நரம்புத்தண்டு, முதலாம், இரண்டாம் நாரி முள்ளென்புகளின் மட்டத்தில் முடிந்துவிடும். பிறந்த பிள்ளையில் அது இன்னும் சற்றுக் கீழே, இரண்டாம் மூன்றாம் முள்ளென்புகள் சந்திக்கும் இடம்வரை இறங்கியிருக்கலாம். முள்ளந்தண்டு வளர வளர, இரண்டு மூன்று மாதத்தில்தான் அது பெரியவர்களின் மட்டத்துக்கு ஏறும். அதற்குக் கீழே இருப்பவை குதிரைவால்போலத் தொங்கும் நரம்பிழைகளும் அவற்றைச் சூழ்ந்த நீரும். ஊசி போக வேண்டியது அந்த நீருக்குள்: மூன்றாம் நான்காம் முள்ளென்புகளுக்கு இடையில், அல்லது நான்காம் ஐந்தாம் முள்ளென்புகளுக்கு இடையில். அங்கே இழைகள் நீரில் மிதப்பதால் ஊசி முனை பட்டாலும் விலகிக்கொடுக்கும். அந்த இடைவெளியில் முறையாகப் போட்ட ஊசியால் கால் பாதிக்கப்படுவது மிக மிக அரிது. ஆனால் அந்த இடைவெளி எது என்பதை இன்றும் அநேக இடங்களில் விரல்தான் முடிவு செய்கிறது.

விரலை எவ்வளவு நம்பலாம்? 2000-ஆம் ஆண்டில் இங்கிலாந்திலிருந்து வெளியான ஓர் ஆய்வில், அனுபவமுள்ள மயக்கமருந்து வைத்தியர்கள் பெரியவர்களின் முதுகைத் தடவி ‘இது இத்தனையாவது இடைவெளி’ என்று சொன்னார்கள். எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்தபோது நூற்றுக்கு 29 தடவைதான் அது சரியாக இருந்தது. பிழைத்தவற்றில் பெரும்பாலானவை, நினைத்ததைவிட மேலே இருந்தன. பெரியவரின் முதுகில் கதை இது. மூன்று கிலோ எடையுள்ள பிள்ளையின் முதுகிலோ ஒரு விரல் நுனி முழு இடைவெளியையும் மூடி அதற்கு மேலும் பரவும். இடுப்பென்பின் இரு மேல் விளிம்புகளையும் ஒரு கற்பனைக் கோட்டால் இணைத்து, அது முதுகைக் கடக்கும் இடத்திலிருந்து எண்ணுவதுதான் எல்லோரும் படித்த வழி. கொழுத்த பிள்ளையில் அந்த விளிம்பே கைக்கு அகப்படாது. பிள்ளையை வளைக்க வளைக்கக் கோடும் இடம் மாறும்.

அப்படியானால் நீர் எடுக்காமலே விட்டால் என்ன என்று கேட்கலாம். ஒரு மாதத்துக்குட்பட்ட பிள்ளைக்கு மூளைக்காய்ச்சல் வந்தால் பெரும்பாலும் கழுத்து விறைக்காது. காய்ச்சல் இருக்கலாம், மாறாக உடம்பு குளிர்ந்தும் போகலாம். பால் உறிஞ்சாது, தூக்கினால் துவண்டு கிடக்கும், அழுகை கீச்சிடும். உச்சிக்குழி புடைப்பதும் வலிப்பும் பிந்தி வருபவை. இரத்தச் சோதனை மட்டும் போதாது. மூளைக்காய்ச்சல் உள்ள சிசுக்களில் கணிசமானோரின் இரத்தக் கல்ச்சரில் ஒரு கிருமியும் வளராது. நீரைப் பார்த்தால்தான் தெரியும்.

நீர் கிடைக்காவிட்டால் நடப்பது இதுதான். கல்ச்சர்கள் சுத்தம், பிள்ளையும் நலம் என்றால் இரண்டு நாளில் மருந்தை நிறுத்தி வீட்டுக்கு அனுப்பலாம். இரத்தத்தில் மட்டும் கிருமி என்றால் 7 முதல் 10 நாள். மூளைக்காய்ச்சல் என்றால், கிருமியைப் பொறுத்து 14 நாள் அல்லது 21 நாள், மருந்தின் அளவும் கூட. எது என்று தெரியாதபோது வைத்தியர் ஆபத்தான பக்கத்தையே எண்ணி மருந்து கொடுப்பார். அதைப் பிழை சொல்ல முடியாது. ஆனால் பிள்ளையின் கையிலும் காலிலும் தலையிலும் மாறி மாறி மருந்தேற்றும் கனூலா ஏறுகிறது. படுவான்கரையிலிருந்து வந்த தாய், வேளாண்மை வெட்டுக் காலத்தில், வீட்டில் இன்னும் இரண்டு பிள்ளைகளை அயலாரிடம் விட்டுவிட்டு மூன்று வாரம் விடுதியில் கிடக்கிறாள். பத்துச் சொட்டு நீர் சுத்தமாகக் கிடைத்திருந்தால் அதில் பாதிக்கு மேல் தேவைப்பட்டிராது.

‘சுத்தமாக’ என்று சொன்னது வேண்டுமென்றே. இந்த வயதில் நீரே வராமல் போவதைப் போலவே, இரத்தம் கலந்து வருவதும் சாதாரணம். பிறந்த பிள்ளையில் தோலிலிருந்து நீர் இருக்கும் இடம் ஏறத்தாழ ஒன்று முதல் ஒன்றரைச் சென்ரிமீற்றர் ஆழத்தில். பிள்ளையின் நீளத்தைச் சென்ரிமீற்றரில் எடுத்து 0.03-ஆல் பெருக்கினால் ஆழம் ஓரளவு வரும்; 50 சென்ரிமீற்றர் நீளமுள்ள பிள்ளைக்கு ஒன்றரை. நீரறையின் அகலம் சில மில்லிமீற்றர்தான். அதன் முன்புறச் சுவரை ஒட்டி, முள்ளென்பு உடலின் பின்னால், இரத்த நாளங்கள் வலைபோலப் பின்னிக் கிடக்கின்றன. பெரியவர்களில் நீரைச் சூழ்ந்த உறையைத் துளைக்கும்போது கைக்குத் தெரியும் அந்த ‘டொக்’ பிள்ளைகளில் பெரும்பாலும் தெரியாது. ஆகவே ஊசி நீரறையைக் கடந்து போய் அந்த நாள வலையில் குத்துகிறது. இரத்தம் வருவதற்கு முதற்காரணம் ஆழம் கூடிப்போவது. இது பலருக்கும் தெரிவதில்லை. இரத்தம் வந்ததும் ‘இன்னும் போகவில்லை’ என்று மேலும் உள்ளே தள்ளுகிறார்கள்.

இரத்தம் கலந்த நீரில் வெண்குழியங்களை எண்ணினால் எது கிருமியால் வந்தது, எது கலந்த இரத்தத்தில் வந்தது என்று பிரிக்க முடியாது. 500 செங்குழியத்துக்கு ஒரு வெண்குழியம் என்று கழித்துப் பார்க்கும் வழக்கம் இருக்கிறது. அந்தக் கணக்கை நம்பி மருந்தை நிறுத்தும் துணிவு யாருக்கும் வராது, வரவும் கூடாது.

இனி ஸ்கேன். எக்ஸ்-ரே போன்ற கதிர்வீச்சு இதில் இல்லை. கர்ப்பிணிகளின் வயிற்றில் வைக்கும் அதே ஒலியலைதான். பெரியவரின் முதுகில் என்பு ஒலியை மறித்துவிடும். பச்சைப்பிள்ளையின் முள்ளென்புகளின் பின்பாகம் இன்னும் கசியிழையமாக இருப்பதால் ஒலி ஊடுருவிப் போகிறது. உள்ளே இருப்பதெல்லாம் தெரிகிறது. இந்த யன்னல் மெல்ல மெல்ல மூடும். மூன்று மாதம் வரை படம் அருமையாக இருக்கும், ஆறு மாதத்துக்குப் பிறகு மங்கிவிடும். இயற்கையாகவே, எந்த வயதில் குத்துவது கடினமோ அந்த வயதில்தான் பார்ப்பது எளிது.

வயிறு பார்க்கும் வளைந்த புரோப் (தோலில் வைக்கும் கருவிமுனை) இதற்குச் சரிவராது. தட்டையான முகமுள்ள, 10 முதல் 15 மெகாஹேர்ட்ஸ் வரை போகும் ‘லீனியர்’ புரோப் வேண்டும். தைரொயிட்டும் கழுத்து நாளமும் பார்ப்பது அதைக்கொண்டுதான். முகம் இரண்டரை முதல் நான்கு சென்ரிமீற்றர் நீளம் இருந்தால் போதும். அதைவிட நீண்டது வளைந்த சிறு முதுகில் முழுதாக ஒட்டாது. திரையில் ஆழத்தை மூன்று நான்கு சென்ரிமீற்றருக்குக் குறைத்து வைக்க வேண்டும். வயிறு பார்த்த கையோடு 15 சென்ரிமீற்றரில் விட்டுவிட்டால் பிள்ளையின் முள்ளந்தண்டு திரையின் மேல் ஓரத்தில் ஒரு நூலாகத் தெரியும். ‘ஒன்றும் விளங்கவில்லை’ என்று மெஷினைத் தள்ளிவைப்பதற்கு இதுவே பாதிக் காரணம்.

பிள்ளையை எந்த நிலையில் வைத்துக் குத்தப் போகிறோமோ அதே நிலையில் வைத்துத்தான் பார்க்க வேண்டும். இருத்திக் குத்துவதென்றால் இருத்தி, சரித்துக் குத்துவதென்றால் சரித்து. இரண்டில் எது நல்லது என்ற பழைய வாதத்துக்குப் பிரித்தானியாவின் நியோகிளியர் ஆய்வு ஓரளவு விடை தந்திருக்கிறது. ஆயிரத்துக்கு மேற்பட்ட சிசுக்களில், முதல் தடவையிலேயே தெளிந்த நீர் கிடைத்தது இருத்தியபோது ஏறத்தாழ 64 வீதம், சரித்துக் கிடத்தியபோது 58 வீதம். இதற்கு மெஷினும் வேண்டாம், காசும் வேண்டாம். பிடிக்கத் தெரிந்த ஒரு தாதி போதும். தொடைகளை வயிற்றோடு மடக்கினால் முதுகு வளைந்து இடைவெளி விரியும். கழுத்தை மடக்க வேண்டியதில்லை. கழுத்தை மடக்குவதால் நாரியில் இடைவெளி பெருக்காது, மூச்சுக்குழாய்தான் நெரிபடும். காலில் ஒட்சிசன் அளக்கும் மொனிட்டர் இல்லாமல் எந்தப் பிள்ளையையும் மடக்கிப் பிடிக்கக் கூடாது. பிடிக்கும் ஆள் பிள்ளையின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும், ஊசியை அல்ல.

முதலில் புரோப்பை முதுகெலும்பின் நெடுக்கே, நடுவில் வைக்க வேண்டும். கீழே திருவென்பு பின்னுக்குச் சாயும் இடம் ஒரு வளைவாகத் தெரியும். அதற்கு நேர் மேலே இருப்பது ஐந்தாம் நாரி முள்ளென்பு. அங்கிருந்து மேல்நோக்கி எண்ணிக்கொண்டு போக வேண்டும். சிலருக்குப் பிறவியிலேயே நாரி முள்ளென்பு ஆறாக இருக்கும். எண்ணிக்கை பிழைப்பது அங்கேதான். ஆனால் எண்ணுவதைவிடப் பெரிய சாட்சி திரையிலேயே இருக்கிறது: முண்ணாண் முடியும் இடம் கண்ணுக்கு நேரே தெரிகிறது. எண்ணிக்கை எதுவாக இருந்தாலும் அந்த நுனிக்கு நன்றாகக் கீழே, நீர் அகன்று கிடக்கும் இடைவெளியைத் தெரிவுசெய்தால் போதும்.

அந்தப் படம் ஒருதரம் கண்டவருக்கு மறக்காது. மேலே தோலும் கொழுப்பும் சாம்பல் நிறம். அதன் கீழே முள்களின் நிழல்கள் படிக்கட்டுப்போல ஒன்றன்பின் ஒன்றாக. நிழல்களுக்கு இடையே இரண்டு வெள்ளைக் கோடுகள், அதுதான் உறை. உறைக்குள் கரிய பட்டை, அதுதான் நீர். மேலிருந்து ஒரு மங்கிய தண்டு இறங்கி வந்து கூராக்கிய பென்சில்போல முடிகிறது. அதன் நுனியிலிருந்து வெள்ளை இழைகள் கரிய நீருக்குள் தொங்கி, ஒவ்வொரு இதயத் துடிப்புக்கும் மெல்ல அசைகின்றன. பிள்ளை வீரிட்டால் ஒன்றாகத் துள்ளுகின்றன. ஊசிக்குப் பயந்து நிற்கும் தாய்க்கு அந்தத் திரையைத் திருப்பிக் காட்டுங்கள். “இந்தத் தண்டுதான் நீங்க பயப்படுறது, தங்கச்சி. இஞ்ச முடியுது பாருங்க. ஊசி போகப் போறது இஞ்ச, இவ்வளவு கீழ.” அரை மணி நேர விளக்கம் செய்யாததை அந்த அரை நிமிடம் செய்யும்.

இடைவெளியைத் தெரிவுசெய்ததும் புரோப்பின் இரு நெடும்பக்கங்களின் நடுவிலும் தோலில் இரு கோடு. பிறகு புரோப்பைக் குறுக்கே திருப்பி, இரு பக்கமும் ஒத்திருக்கும் இடத்தில் நிறுத்தி, மறுபடி இரு கோடு. நான்கையும் இணைத்தால் குறுக்குக்கோடு சந்திக்கும் புள்ளிதான் ஊசி இறங்க வேண்டிய இடம். நடுக்கோடு பிசகாமல் இருப்பது மட்டத்தைப் போலவே முக்கியம். பிள்ளையில் இரண்டு மில்லிமீற்றர் விலகினாலும் ஊசி நீரறையின் ஓரத்தால் போய்விடும். பிறகு தோலிலிருந்து உறையின் பின்சுவர் வரையும் முன்சுவர் வரையும் இரண்டு அளவு எடுத்து, வாயால் சொல்வதோடு விடாமல் எழுதி வைக்க வேண்டும். உதாரணமாக 11 மில்லிமீற்றர், 18 மில்லிமீற்றர் என்று வந்தால், ஊசி 11-ஐத் தாண்டியதும் நீரை எதிர்பார்க்கலாம், 18-ஐ நெருங்கினால் நிறுத்த வேண்டும். மேலே சொன்ன நாள வலைக்குள் போகாமல் காப்பது இந்த இரண்டாவது எண்தான். எங்கள் கணக்கில் ஸ்கேனின் முதற்பயன் இடத்தைவிட இந்த ஆழமே. அளக்கும்போது புரோப்பை அழுத்தினால் கொழுப்பு நசிந்து இரண்டு மூன்று மில்லிமீற்றர் குறைத்துக் காட்டும். ஜெல்லைத் தாராளமாக வைத்து, தோலில் மிதக்க விட்டு அளக்க வேண்டும்.

பிழைப்பது இங்கிருந்துதான். குறியிட்ட பிறகு பிள்ளையை ஒருதரம் படுக்க விட்டால் குறி செல்லாது. பச்சைப்பிள்ளையின் தோல் கீழே உள்ள என்பின்மேல் எளிதில் வழுகும். தோள் அசைந்தாலே குறி ஒரு இடைவெளி தள்ளிப் போகும். பேனைக் குறியை ஸ்பிரிட் அழித்துவிடும். இதற்கு ஒரு சின்ன உபாயம்: ஊசி மூடியின் வட்ட வாயைப் புள்ளியின் மேல் வைத்து அரை நிமிடம் மெதுவாக அழுத்தினால் தோலில் வளையம் பதியும், கிருமிநீக்கி பூசினாலும் அழியாது. ஆனால் ஐந்து பத்து நிமிடத்துக்குள் குத்திவிட வேண்டும். ஸ்கேன் ஜெல்லை உலர்ந்த துணியால் முழுதும் துடைத்த பிறகுதான் தோலைச் சுத்தம் செய்ய வேண்டும். ஜெல் ஊசியோடு உள்ளே போகக் கூடாது. போத்தல் ஜெல்லில் பர்க்கோல்டேரியா போன்ற கிருமிகள் வளர்ந்து நோயாளர்களுக்குப் பரவிய சம்பவங்கள் பல நாடுகளில் பதிவாகியிருக்கின்றன. பாதி முடிந்த போத்தலில் புதிய ஜெல்லை ஊற்றி நிரப்பும் பழக்கம் எங்கும் இருந்தால் அதை இன்றே விட வேண்டும். ஊசி இறங்குவதை ஸ்கேனில் பார்த்துக்கொண்டே செய்வதென்றால் கிருமிநீக்கிய உறையும் கிருமிநீக்கிய ஜெல்லும் கட்டாயம். தொடக்கத்தில் அது வேண்டாம். இரண்டு கையும் ஊசிக்கே தேவைப்படும் நேரத்தில் மூன்றாவது கை ஒன்றைத் தேட வேண்டி வரும். குறியிட்டுச் செய்வதே போதும்.

குளிரையும் மறக்கக் கூடாது. ஏ.சி. அறையில் உடுப்பைக் கழற்றி முதுகில் குளிர்ந்த ஜெல்லைப் பூசினால் இரண்டு கிலோப் பிள்ளையின் உடல்வெப்பம் கண்முன்னே இறங்கும். ஜெல்லைக் கையில் வைத்துச் சூடாக்கி, பிள்ளைக்குத் தொப்பி போட்டு, வோர்மரின் (சூடேற்றும் கருவியின்) கீழேயே செய்ய வேண்டும். மூச்சுவிடக் கஷ்டப்படும் பிள்ளை, இரத்தம் உறைய உதவும் குருதிச் சிறுதட்டுக்கள் மிகக் குறைந்த பிள்ளை, குத்தும் இடத்தில் தோற்புண் உள்ள பிள்ளை என்றால் எந்தக் குத்தும் வேண்டாம், பிறகு பார்க்கலாம். நாரியின் நடுவில் ஆழமான குழியோ மயிர்க்கற்றையோ இருந்தால் ஸ்கேன் பார்க்காமல் தொடவே கூடாது. அப்படியான பிள்ளைகளில் முண்ணாண் நான்காம் முள்ளென்புக்கும் கீழே இழுபட்டுக் கிடக்கலாம்.

ஊசியைப் பற்றி ஒரு சொல். 22 கேஜ் பருமன், ஒன்றரை அங்குல நீளம், உள்ளே ஸ்டைலெட் கம்பி உள்ளது. குறைமாதப் பிள்ளைக்கு 25 கேஜ், ஒரு அங்குலம். சரியான ஊசி கையிருப்பில் இல்லை என்று பட்டர்ஃபிளை ஊசியால் எடுப்பது நல்லதல்ல. உள்ளே கம்பி இல்லாத ஊசி தோலின் துணுக்கை வெட்டிக்கொண்டு போய் முண்ணாண் அருகே விதைத்துவிடலாம்; அது வருடங்கள் கழித்துக் கட்டியாக வளர்ந்த பிள்ளைகள் உண்டு. ஊசி முனையின் சாய்வுமுகம் உறையின் நெடுக்கு இழைகளை வெட்டாமல் விலக்க வேண்டும். இருத்திக் குத்தும்போது அந்த முகம் பக்கவாட்டைப் பார்க்க வேண்டும், சரித்துக் குத்தும்போது கூரையை. வலிக்கு மரப்புக் களிம்பை முக்கால் முதல் ஒரு மணி நேரம் முன்பே பூசலாம். அவசரமென்றால் ஒரு வீத லிக்னொகெய்ன் மரப்பு ஊசிமருந்து அரை மில்லிலீற்றருக்கு மேல் தேவைப்படாது. அதிகம் போட்டால் தோல் வீங்கி, அளந்த ஆழமும் பிழைத்துவிடும். குத்த இரண்டு நிமிடம் முன்பு நாக்கில் சில சொட்டுச் சீனிக் கரைசல். வலியில் நெளியாத பிள்ளையில்தான் குறியும் நெளியாது.

எல்லாம் சரியாகச் செய்தும் முதல் குத்தில் நீர் வராமல் போகலாம். அப்போதுதான் ஸ்கேன் இன்னொரு வேலை செய்கிறது. விரலால் செய்பவர் மேலே ஒரு இடைவெளி, கீழே ஒரு இடைவெளி என்று மாறி மாறிப் பார்ப்பார். ஸ்கேனை வைத்தால் சிலவேளை நீரறையே காணாமல் போயிருக்கும். உறைக்கு வெளியே இரத்தம் தேங்கி, அல்லது துளையால் கசிந்த நீர் தேங்கி, அறையை நசுக்கிவிட்டிருக்கும். இழைகள் ஒன்றோடொன்று ஒட்டி, கறுப்பே இல்லாத ஒரு வெள்ளைக் கட்டாகத் தெரியும். அந்த நிலையில் எந்தக் கைகாரர் குத்தினாலும் இரத்தம்தான் வரும். அன்று நிறுத்திவிட்டு, மருந்தைத் தொடர்ந்துகொண்டு, அடுத்த நாளோ அதற்கடுத்த நாளோ மறுபடி பார்த்து, கறுப்புத் திரும்பியதும் எடுக்க வேண்டும். மருந்து தொடங்கிய பின் எடுத்த நீரில் கிருமி வளராவிட்டாலும் வெண்குழியமும் புரதமும் கதை சொல்லும். அதே காரணத்தால்தான், ஸ்கேன் மெஷின் வரும்வரை முதல் ஊசி மருந்தைப் பிற்போடக் கூடாது. நோயுற்ற பிள்ளைக்கு மருந்து முதலில்.

ஸ்கேன் மந்திரக்கோல் என்று நாம் சொல்லவில்லை. 2017-இல் அமெரிக்காவின் பிலடெல்பியாவில், ஆறு மாதத்துக்குட்பட்ட 128 பிள்ளைகளில் செய்த ஆய்வில், ஸ்கேன் பார்த்துக் குறியிட்டவர்களில் முதல் தடவையில் 58 வீதமும், விரலால் செய்தவர்களில் 31 வீதமும் வெற்றி கிடைத்தது. அடுத்த ஆண்டில் வெளியான இன்னொரு அமெரிக்க ஆய்வு சொல்லும்படியான வித்தியாசம் காணவில்லை. எங்கள் அபிப்பிராயத்தில் இது ஸ்கேன் பார்ப்பவரின் கையையும், குறிக்கும் குத்துக்கும் இடையே பிள்ளை எவ்வளவு அசைந்தது என்பதையும் பொறுத்தது. அனுபவமிக்கவர் விரலாலேயே எடுத்துவிடுவார். ஆனால் நள்ளிரவு இரண்டு மணிக்கு ஊசி எடுப்பவர் பெரும்பாலும் ஹவுஸ் ஒஃபிசர், அதாவது பயிற்சிக்கால வைத்தியர். அவருக்குத்தான் இது தேவை.

மெஷின் எங்கே என்ற கேள்வி வரும். போதனா வைத்தியசாலையிலும் ஆதார வைத்தியசாலைகளிலும் ஸ்கேன் இல்லாமல் இல்லை. அது கதிரியக்கப் பிரிவில் பகலில் வேலை செய்து மாலையில் பூட்டப்படுவதும், லீனியர் புரோப் வேறொரு பிரிவின் பொருட்பதிவில் இருப்பதும்தான் இடைஞ்சல். புதிய மெஷின் கேட்டுக் கடிதம் எழுதி வருடக்கணக்கில் காத்திருப்பதைவிட, இருக்கும் ஒன்றின் லீனியர் புரோப்பை இரவில் பீ.பி.யூ.வுக்கு (குறைமாதப் பிள்ளைகளின் பிரிவுக்கு) கொண்டுவர ஒரு ஒழுங்கு செய்வது பிராந்திய சுகாதாரப் பணிமனைகளுக்கு முடியாத காரியமல்ல. புரோப்பைத் துடைப்பதற்கு எது, யார் துடைப்பது, யார் கையொப்பமிட்டுத் திருப்பிக் கொடுப்பது என்று ஒரு பக்கத்தில் எழுதினால் போதும். ஸ்பிரிட் சில புரோப்களின் முகத்தை வெடிக்கச் செய்யும், தயாரிப்பாளர் சொன்ன திரவத்தையே பாவிக்க வேண்டும்.

பழகுவதற்கு நோயுற்ற பிள்ளை தேவையில்லை. குறைமாதப் பிள்ளைகளுக்குத் தலை ஸ்கேன் பார்க்கும்போது, தாயின் சம்மதத்தோடு, அதே நேரம் முதுகையும் இரண்டு நிமிடம் பார்க்கலாம். முண்ணாண் நுனி எங்கே, ஆழம் எவ்வளவு என்று சொல்லி, மூத்த வைத்தியர் ஒருவரிடம் சரிபார்த்துக்கொள்ளலாம். கிழக்குப் பல்கலைக்கழகத்தின் மருத்துவ மாணவர்களுக்கும் தாதிய மாணவர்களுக்கும் இதை விடுதியிலேயே காட்டலாம். பிடிப்பது எப்படி என்பதைத் தாதிய மாணவர்களுக்குத் தனியாகப் பழக்குவது அதைவிட அவசியம். பிடி பிழைத்தால் மெஷின் உதவாது.

தூர இடங்களில் வேலை செய்வோருக்கு ஒரு வேண்டுகோள். பொத்துவிலிலிருந்து மட்டக்களப்புக்கு நூறு கிலோமீற்றர் அளவில் அம்புலன்சில் வர வேண்டிய பிள்ளைக்கு, அங்கேயே நான்கைந்து தரம் குத்திப் பார்த்துவிட்டு அனுப்பாதீர்கள். இரண்டு தரத்தோடு நிறுத்துங்கள். இரத்தக் கல்ச்சர் எடுத்து, மருந்தைப் போட்டு, அனுப்பும் கடிதத்தில் எத்தனை தரம் குத்தினீர்கள், எந்த இடைவெளியில், இரத்தம் வந்ததா, மருந்து எத்தனை மணிக்குப் போட்டீர்கள் என்று நான்கு வரி எழுதுங்கள். இங்கே ஸ்கேன் வைப்பவருக்கு அந்த நான்கு வரி பெரிய உதவி.

நீர் கிடைத்த பின்னும் அவசரம் முடிவதில்லை. மூன்று போத்தலில் தலைக்குப் பத்துச் சொட்டு: கல்ச்சருக்கு, சீனி புரதத்துக்கு, குழிய எண்ணிக்கைக்கு. உறிஞ்சக் கூடாது, தானாகச் சொட்ட விட வேண்டும். நீரிலுள்ள சீனியை ஒப்பிட, குத்துவதற்குச் சற்று முன்பே இரத்தச் சீனியையும் எடுத்திருக்க வேண்டும். குத்தின் வலியில் அது ஏறிவிடும். வெண்குழியங்கள் போத்தலுக்குள்ளேயே சிதையத் தொடங்குவதால் ஒரு மணி நேரத்துக்குள் எண்ணப்பட வேண்டும். ஃபிரிட்ஜில் வைத்தால் சில கிருமிகள் செத்துப்போகும். இரவில் ஆய்வுகூடத்துக்குப் போத்தலைக் கொண்டுபோகும் சிற்றூழியரிடம் ‘இது காத்திருக்காது’ என்று வாயால் சொல்லி அனுப்புங்கள்.

பெற்றோருக்கு: ஊசியை எடுத்ததும் பஞ்சு வைத்து ஒரு சிறு பிளாஸ்டர் ஒட்டுவார்கள். ஆறு மணி நேரம் அசையாமல் கிடத்த வேண்டும் என்று பெரியவர்களுக்குச் சொல்லும் கதை பச்சைப்பிள்ளைக்கு இல்லை. மூச்சும் நிறமும் சரியாக இருந்தால் உடனே தூக்கிப் பால் கொடுக்கலாம். அன்றைக்குக் குளிக்க வார்க்க வேண்டாம். அடுத்த நாள் பிளாஸ்டரைக் கழற்றும்போது இடம் நனைந்திருந்தால், வீங்கிச் சிவந்திருந்தால், அல்லது பிள்ளை ஒரு காலை மற்றக் காலைப்போல உதைக்காவிட்டால், விடுதித் தாதியிடம் அப்போதே சொல்லுங்கள்.

இங்ஙனம்,
சிசுப் பராமரிப்பில் பணியாற்றும் வைத்தியர், தாதியர் சிலர்,
மட்டக்களப்பு.